நாவல் மரத்துக்கு ஒரு வக்கீல்

நாராயணசாமியின் புது வெள்ளைக் காருக்கு வயது பதினொரு நாள். அதற்குள் அதன் மேனியில் நாற்பத்தேழு ஊதாப் புள்ளிகள். எண்ணியவர் அவரே. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார்.

குற்றவாளி, வைட்ஃபீல்டில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வளாகத்தின் நாவல் மரம். அவர் கார் நிறுத்தும் பதினாறாம் எண் இடத்துக்கு நேர் மேலே கிளை விரித்திருந்தது. பழம் விழுந்தால் ஒரு புள்ளி. பழம் தின்ற மைனா வந்து உட்கார்ந்தால் மூன்று.

"அந்த மரத்தை எடுத்துடணும்!" என்று காலைக் காப்பியோடு பிரகடனம் செய்தார்.

"எடுத்து எங்க வைப்பீங்க?" என்றாள் யசோதா.

"வெட்டணும்னு சொல்றேன்."

"வெட்டினா நம்ம சமையலறையில அடுப்பு பத்த வைக்காமலே பால் பொங்கும். சாயங்காலம் நாங்கல்லாம் எங்க உட்கார்றது? உங்க கார் மேலயா?"

சாதாரணக் கணவராக இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நாராயணசாமியோ குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். முப்பத்துநாலு வருஷம் தொலைபேசித் துறையில் கடிதம் வரைந்தே ஓய்வு பெற்றவர். 'மேற்படி'க்கும் 'மேற்கண்ட'வுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டால், கேட்டவர் மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். போன தேர்தலில் 'ஒளிவுமறைவு இல்லாத நிர்வாகம்' என்று முழங்கி ஜெயித்ததும், சங்க விதிகளைத் தாமே திருத்தி எழுதினார்.

அவற்றில் பதினான்காவது விதி அவருடைய செல்லப் பிள்ளை. மரம் வெட்டுவதானால் ஏழு நாள் அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் இருக்க வேண்டும். யாராவது மறுப்பு எழுதி உறையிலிட்டுக் கொடுத்தால் அதைப் பொதுக்கூட்டத்தில்தான் பிரிக்க வேண்டும். செயலாளரே ஒரு வார்த்தை விடாமல் உரக்கப் படித்து வாக்கெடுப்பு நடத்த வேண்டும். மறுப்பு வராவிட்டால் மாநகராட்சிக்கு விண்ணப்பம் போய்விடும்.

எந்தப் பலகை என்று விதி சொல்லவில்லை.

பலகைகள் இரண்டு. ஒன்று லிஃப்ட் வாசலில். மற்றது பேஸ்மென்டில், தண்ணீர் மோட்டார் அறைக்குள். அதில் மூன்று வருஷத்துக்கு முந்தைய ராஜ்யோத்சவ விழா அழைப்பிதழ் ஒன்று பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் நாராயணசாமி தம் நோட்டீஸை ஒட்டினார். தேதி தெரிகிற மாதிரி புகைப்படமும் எடுத்துக்கொண்டார். சட்டம் சுத்தமாக இருந்தது. மனசாட்சியைப் பற்றி விதி எதுவும் இல்லை.

நான்கு நாள் ஓடின. ஒரு மறுப்பும் இல்லை. ஐந்தாம் நாள் யசோதா சூடான மெதுவடையோடு வந்தாள்.

"என்னங்க, ஆனேக்கல்ல என் தம்பி நாகேஷ் இருக்கான்ல? அவன் அபார்ட்மென்ட்ல ஒரு மரத்தை வெட்டப் போறாங்களாம். தடுக்கணுமாம். லெட்டர் எழுதத் தெரியலையாம். மாமாவுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு கூச்சப்படறான்."

"எனக்கு என்ன தொந்தரவு?" என்றவர் அதற்குள் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டார். "நோட்டீஸை எங்க ஒட்டினாங்களாம்?"

"தெரியலையே. ஒருத்தரும் பார்க்கலையாம்."

"பார்க்க மாட்டாங்க! கீழ எங்கயாவது ஒளிச்சு ஒட்டியிருப்பான் அந்த செக்ரட்டரி. மோட்டார் ரூம் மாதிரி."

"சேச்சே! படிச்சவங்க அப்படியெல்லாம் செய்வாங்களா?"

"நீ உலகம் தெரியாதவ, யசோதா. அவனுக்கு ஏன் மரத்து மேல கண்ணு?"

"அங்கதான் காரை நிறுத்தறாராம்."

"அப்படிப் போடு! சொந்தக் காருக்காக ஊர் மரத்தை வெட்டுவானா? ஒரு உறை வாங்கி மூடச் சொல்லு!"

"இதை அப்படியே எழுதுங்களேன்," என்று இன்னொரு வடையை வைத்தாள் யசோதா.

எழுதினார். விரல்கள் பறந்தன. நிழலுக்கு ஒரு பத்தி, பறவைக்கு ஒரு பத்தி, மழைநீருக்கு ஒரு பத்தி, செயலாளரின் மூக்கை உடைக்க நான்கு பத்தி. கார் இடத்தின் எண்ணை மட்டும் காலியாக விட்டு, "உன் தம்பி நிரப்பிக்கட்டும்," என்றார். வாழ்நாளில் இவ்வளவு நல்ல கடிதம் எழுதியதில்லை என்று அவருக்கே தோன்றியது.

ஏழாம் நாள் மாலை, முதல் மாடி டோரீன் ஒட்டிய உறை ஒன்றைச் சங்கத் தலைவர் டென்சில் கையில் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். வீட்டுக்கு ஒருவராவது வந்திருந்தார்கள். நாராயணசாமி அலட்சியமாக உறையைப் பிரித்தார்.

முதல் வரியைப் படித்ததும், பரவாயில்லை, விஷயம் தெரிந்தவர் எழுதியிருக்கிறார் என்று நினைத்தார். இரண்டாவது வரி தாமே எழுதியது போல இருந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"விடாம படிங்க சார்," என்றார் டென்சில். "ரூல் ஃபோர்ட்டீன். நீங்க எழுதினதுதான்."

படித்தார். "மேற்படி செயலாளர், நோட்டீஸை மனித நடமாட்டம் இல்லாத மோட்டார் அறை போன்ற இருட்டில் ஒளித்து வைத்து..."

"மோட்டார் ரூமா!" என்று பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள். பூஞ்சை வாசனையோடு நோட்டீஸ் மேலே வந்து சேர்ந்தது.

"...தமது பதினாறாம் எண் இடத்தில் நிற்கும் வாகனத்துக்காக..." பதினாறு என்பது மட்டும் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. உருண்டை உருண்டையான எழுத்து. மளிகைச் சீட்டில் அவர் தினமும் பார்க்கிற எழுத்து.

கடைசிப் பத்தியில் அவர் குரல் தழுதழுத்தது. அது வெட்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பாதி உண்மை. மீதி, அந்தப் பத்தி அவ்வளவு நன்றாக இருந்தது.

மரம் இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் டென்சில். எல்லாக் கைகளும் உயர்ந்தன. தம் கையும் உயர்ந்திருப்பதை நாராயணசாமி சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார்.

"டோரீன், இன்னாமா எழுதியிருக்கே! சூப்பர்!" என்றார் டென்சில்.

"நான் எங்க மேன் எழுதறது? எல்லாம் நம்ம யசோதா குடுத்தா. நான் சைன் போட்டேன், அவ்ளோதான்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. நாராயணசாமி துள்ளி எழுந்தார். 'அதை எழுதியது நான்!' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. தம்மைத் தாமே திட்டி ஏழு பத்தி எழுதியவர் என்று வைட்ஃபீல்ட் முழுக்கச் சிரிக்குமே என்பது அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்தார். எழுந்தது ராஜினாமா செய்யத்தான் என்று கூட்டம் புரிந்துகொண்டது. ஒரே நிமிஷத்தில் யசோதா ஏகமனதாகச் செயலாளர் ஆனாள்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் சரிந்தார்.

"அப்ப, நாகேஷ் அபார்ட்மென்ட் மரம்?"

"அவன் இருக்கிறது தனி வீடு. கிரகப்பிரவேசத்துல ரெண்டு பந்தியில உட்கார்ந்தீங்களே, மறந்துபோச்சா?"

"நோட்டீஸ் அங்க இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணி நின்னுபோனாகூட கீழ எட்டிப் பார்க்காத மனுஷன், பசை டப்பாவோட பேஸ்மென்டுக்கு இறங்கினா பொண்டாட்டி பின்னாலயே வரமாட்டாளா?"

யசோதா கம்ப்யூட்டரைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"புது செக்ரட்டரி முதல் நோட்டீஸ் போடணுமாம். பழைய செக்ரட்டரி மேல என்ன நடவடிக்கைன்னு. கொஞ்சம் காரமாவே எழுதுங்க. கையெழுத்து நான் போட்டுக்கறேன்."

நாராயணசாமி விரல்களைச் சொடுக்கிக்கொண்டார். முதல் வரியே அமர்க்களமாக வந்தது.