எழுத்து போட்டாச்சா?

சினிமா பார்க்கிறவர்களில் பல வகை உண்டு. பாட்டு வந்தால் எழுந்து வெளியே போகிறவர், பாட்டுக்கு மட்டும் உள்ளே வருகிறவர், சண்டை வந்தால் முன் நாற்காலியை உதைக்கிறவர், அழுகைக் கட்டத்தில் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறவர் என்று எல்லாரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர்களால் பெரிய தொல்லை எதுவும் இல்லை. இங்கே சொல்ல வந்தது வேறொரு வகை. படம் எப்படிப் போனாலும் இவருக்குக் கவலை கிடையாது. படம் தொடங்கும்போது பேர் போடுகிறார்களே, அந்த மூன்று நிமிடத்துக்காக மட்டுமே டிக்கெட் எடுக்கிறவர். எழுத்துப் பிரியர் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. ஆமத்தூரில் அவர் பெயர் சங்கரபாண்டியன்.

சங்கரபாண்டியனுக்குச் சிவகாசியில் ஆப்செட் கம்பெனியில் வேலை. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற கம்பெனி. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் குனிந்து, பிலிமை வெட்டி ஒட்டி, சட்டைப் பையிலிருக்கும் லென்ஸை வைத்துப் பார்த்துப் பார்த்து இருபத்திரண்டு வருடங்கள் ஓட்டியவர். அந்த லேபிள்களைப் பற்றி அவருக்குப் பெரிய மதிப்பு இல்லை. மஞ்சள் தரை, சிவப்பு எழுத்து, ஓரத்தில் ஒரு கிளி. இதில் என்ன கலை இருக்கிறது? கலை என்பது கறுப்புத் திரையில் தொடங்குகிறது என்பது அவர் கட்சி.

விருதுநகருக்குக் குடும்பத்தோடு படம் பார்க்கப் போகிற நாளில் அவர் மனைவி சொர்ணலட்சுமி பாதி பின்னிய சடையோடுதான் பஸ் ஏற வேண்டும். கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் சங்கரபாண்டியன் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. "எழுத்து போட்டாச்சா?" அவர் வெள்ளந்தியாக, "இப்பத்தான் போடுறாக, வெரசாப் போங்க" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. முதல் எழுத்து போனது போனதுதானே? மொத்தக் குடும்பத்தையும் வாசலிலிருந்து திருப்பி, எண்ணெய்ப் புரோட்டா வாங்கிக் கொடுத்து, பஜாரை இரண்டு சுற்றுச் சுற்றவைத்து, அடுத்த ஆட்டத்துக்குத்தான் உள்ளே கூட்டிப்போவார்.

உள்ளே போனால் பாடம் தொடங்கும்.

"பாத்தியா சொர்ணம், பேரை நடுவுல போடல. ஓரத்துல போட்டிருக்கான். ஏன்?"

"எடம் இல்லாம இருக்கும்."

"எடம் இருக்கு. அந்த வெத்து எடத்துலதான் எவனோ வரப்போறான். நமக்குத் தெரியாமயே நம்ம கண்ணு அங்கன போயி நிக்குது பாரு. எழுத்து லேசா நடுங்குதா? ஏதோ கெட்டது நடக்கப்போகுது. வாசிச்சு முடிக்கும் முன்ன அழிச்சுட்டானா? அப்ப நெஞ்சு ஒரு எட்டு முன்ன ஓடும். பின்னால ஒரு குழா சொட்டுச் சொட்டா ஒழுகுது, சத்தத்தக் கவனி…"

"ஏங்க, முன்னால இருக்கவுக திரும்பிப் பாக்காக."

எழுத்து முடியும். சங்கரபாண்டியன் தூங்கிப்போவார். வீடு திரும்பும் வழியில் கொலைகாரன் யார் என்று மனைவி சொல்ல வந்தால், அது எழுத்திலேயே தெரிந்துவிட்டது என்று கையைக் காட்டி நிறுத்திவிடுவார். அவர் நினைத்த ஆள் ஒருநாளும் கொலைகாரனாக இருந்ததில்லை.

இதெல்லாம் கொட்டகையோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நிற்கவில்லை. 2004-ஆம் வருடம் ஆவணியில் அவருடைய ஒரே மகள் பாண்டிச்செல்விக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஆனைக்குட்டம் பாலகுரு, பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவன் தாய் மாடத்தியும் முப்பது வருடமாக அதே வேலை. பத்திரிகையைத் தானே அடித்துத் தருகிறேன் என்று சங்கரபாண்டியன் வாக்குக் கொடுத்தார். அடித்தும் தந்தார். கறுப்பு அட்டையில் கருஞ்சிவப்பு எழுத்து. பார்க்கிறவர்களுக்கு ஒரு எதிர்பார்ப்பு உண்டாக வேண்டுமாம். உண்டானது. மண்டபம் எது என்று வெயிலில் சாய்த்துப் பிடித்துத் தேடியவர்கள் பலர்.

அன்றிலிருந்து மாடத்தி சம்பந்தி வீட்டுப் பேச்சை எடுப்பதில்லை. கோபம் என்றால் சத்தம் போட்டிருப்பாள். இது என்ன என்றே யாருக்கும் விளங்கவில்லை. தலைதீபாவளி வந்துகொண்டிருந்தது. மகளையும் மருமகனையும் அனுப்புவீர்களா என்று சொர்ணலட்சுமி இரண்டு தடவை கேட்டுவிட்டாள். பார்க்கலாம் என்று மட்டுமே பதில் வந்தது. தலைதீபாவளிக்குப் பெண் வராத வீடு என்ற பேச்சை எந்தத் தகப்பன் தாங்குவான்? சங்கரபாண்டியன் ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழத் தொடங்கினார்.

பாண்டிச்செல்வி போனில் ஒரு வழி சொன்னாள். "கல்யாண சிடியைக் கொண்டாந்து எல்லாரும் உக்காந்து பாத்தா அத்தை மனசு எளகிரும்ப்பா. ஆனா ஒண்ணு. நீங்க அதுல கை வைக்காதீக."

எழுத்துப் பிரியரிடம் போய் இப்படிச் சொல்லலாமா? மறுநாளே அவர் ஸ்டூடியோ புகழேந்தியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். புகழேந்தி தயாராக வைத்திருந்தது ரோஜாப்பூ விரிய, இரண்டு புறா பறக்க, நடுவில் மணமக்கள் பேர் வருவது. ஜில்லா முழுவதும் அந்த வருடம் அதே ரோஜா, அதே புறா. சங்கரபாண்டியன் முகத்தைச் சுளித்தார்.

"ஏலே, இதுல பதட்டம் எங்கன இருக்கு?"

"கல்யாணத்துல பதட்டம் எதுக்கு அண்ணாச்சி?"

மூன்று சாயங்காலம் இருந்து அவரே எல்லாம் சொல்லிக் கொடுத்தார். முதலில் கும்மிருட்டு. சத்தமே கிடையாது. ஓரத்தில் ஒரு பொறி. பிறகு சர்ரென்ற சத்தத்தோடு ஒரு திரி எரிந்துகொண்டு இடமிருந்து வலமாகப் போகும். கேமரா அதைத் தொட்டுவிடும் தூரத்தில் பின்னாலேயே போகும். திரி முடிகிற இடத்தில் ஒரு நொடி மறுபடி இருட்டு. அதன் பிறகுதான் பூ வெடித்து, தங்க எழுத்தில் மணமக்கள் பேர் வரும். சொல்லப்போனால் வேலை பிரமாதம்தான். புகழேந்திக்கே மயிர் கூச்செறிந்தது.

புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆனைக்குட்டத்து வீட்டில் மாடத்தியின் சொந்தம் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். எல்லாரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். சீர்வரிசையில் வந்த டிவியும், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டும் தயாராக இருந்தன. கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, சத்தத்தைக் கடைசிவரை திருகி வைத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இருட்டு. அமைதி. பொறி. சர்ர்ர்…

பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. பொறியைக் கண்டால் என்ன ஏது என்று கேட்காதே, எதையும் எடுக்காதே, திரும்பிப் பார்க்காதே, ஓடு. வேலைக்கூடத்துக்கு நாலு பக்கமும் வாசல் வைத்திருப்பது அதற்காகத்தான். அந்த வீட்டுக்கு இருந்தது ஒரே வாசல். பதினைந்து பேரும் அதன் வழியாக எப்படிப் போனார்கள் என்பது இன்றுவரை சங்கரபாண்டியனுக்குப் புரியவில்லை. முதலில் எழுந்தது மாடத்தி. போகிற போக்கில் மருமகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனாள். கூட்டத்தோடு சொர்ணலட்சுமியும் வெளியேறிவிட்டாள்.

உள்ளே ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். திரி முடிந்தது. பூ வெடித்தது. பாலகுரு, பாண்டிச்செல்வி என்று தங்க எழுத்துகள் காலி வீட்டுக்கு மினுமினுத்துக் காட்டின. பதட்டம் உண்டாக்க வேண்டும் என்று நினைத்த கலைஞர்களில் இவரளவுக்கு வெற்றி பெற்றவர் யார்?

சங்கரபாண்டியன் வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் எல்லாரும் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள். இரண்டொருவர் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். மாடத்தி சிரிக்கவில்லை. அவள் முழங்கைக்குக் கீழே பழைய தீக்காயத்தின் தழும்பு வழுவழுவென்று தெரிந்தது. இத்தனை நாளில் அதை அவர் கவனித்ததேயில்லை.

"ஏண்ணே," என்றாள் மாடத்தி. "வாரத்துல ஆறு நாளு இதுக்குப் பயந்துகிட்டுத்தான் இருக்கோம். ஞாயித்துக்கெழமையும் வீட்டுக்குக் கொண்டாரணுமா?"

"தப்புத்தான் தங்கச்சி."

"அந்தப் பத்திரிகையும் அப்படித்தான். நாப்பது வயசுல அறிவொளி ராப்பள்ளிக்கூடத்துக்குப் போயி எழுத்துக் கூட்டப் படிச்சேன். எம்மவன் கல்யாணப் பத்திரிகையில எம்பேரை நானே வாசிக்கணும்னு இருந்தேன். எம்புட்டு நேரம் பாத்தும் ஒண்ணும் தெரியல. படிச்சதெல்லாம் மறந்துபோச்சு போலன்னு நெனச்சு அழுதேன். எல்லாருக்கும் அப்படித்தான் இருந்துச்சுன்னு பொறவுதான் சொன்னாக."

சங்கரபாண்டியன் விளக்கம் சொல்லவில்லை. சொர்ணலட்சுமிக்கு அதுவே அதிசயமாக இருந்தது.

மறுநாள் புகழேந்தி கணினி முன்னால் தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, மஞ்சத் தரை, சேப்பு எழுத்து… இது வெடி லேபிள் மாதிரியில்லா இருக்கு?"

"இருக்கட்டும்லே. இருபத்திரண்டு வருசத்துல வாசிக்க முடியலன்னு ஒரு லோடு திரும்பி வந்ததில்ல. சம்பந்தியம்மா பேரு மொதல்ல வரட்டும்."

"எம்புட்டு நேரம் நிக்கணும்?"

சங்கரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிறவரைப் போல விரலை நீட்டி மெதுவாக வாசித்துப் பார்த்தார். "பன்னெண்டு நொடி. எதுக்கும் பதினஞ்சு வையி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவும் ஜன்னலும் திறந்தே இருந்தன. அப்படியும் நாலைந்து பேர் வாசலை ஒட்டித்தான் உட்கார்ந்தார்கள். திரை முழுக்க மஞ்சள். நடுவில் சிவப்பில் ஒரே ஒரு பேர். அசையவில்லை, நடுங்கவில்லை, மறையவும் இல்லை.

"மா…" என்றாள் மாடத்தி. "ட…"

வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. மகன் உதடு தானாக அசைந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"த்… தி. மாடத்தி!"

எழுத்தைப் பார்த்து இப்படி ஒரு பதட்டத்தைச் சங்கரபாண்டியன் எந்தக் கொட்டகையிலும் அனுபவித்ததில்லை. அவர் கண்ணில் நீர் முட்டியது. அதே நேரத்தில், இந்த மஞ்சள் ஏன் இப்படி நிற்கிறது, அசையாத எழுத்துக்கு என்ன வலு என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்க வாயும் திறந்தது. சொர்ணலட்சுமி தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். வாய் மூடிக்கொண்டது.

மாடத்தி திரும்பினாள். "மதினி, தலைதீவாளிக்குப் பிள்ளைகள அனுப்புறேன். நானும் வாரேன்."

வந்தாள். தீபாவளி மத்தியானம் எல்லாரும் விருதுநகருக்குப் படம் பார்க்கப் போனார்கள். கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம், "எழுத்து போட்டாச்சா?" என்று ஒரு குரல் கேட்டது. சங்கரபாண்டியன் இல்லை. மாடத்தி. இப்போது அந்த வகையில் ஆமத்தூர்ப் பக்கம் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இது தொற்றுகிற சங்கதி என்பதால் உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இதை வாசிக்கத் தொடங்குமுன் மேலே தலைப்பு எழுத்தை ஒரு கணம் நின்று பார்த்தீர்களா? இன்னும் கொஞ்சம் பெரிதாக, சற்றே ஓரமாகப் போட்டிருக்கலாம் என்று தோன்றியதா? பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லத் திரும்புகிறீர்களா? சொல்லுங்கள். அதற்கு முன் அவர் கை எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.