தேனீக்களுக்குப் போன சேதி

பித்தப்பையை எடுத்த வயிற்றோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கிய வின்கோ, பையை மனைவி சில்காவிடம் தள்ளிவிட்டு நேரே தேனீப் பெட்டிகளிடம் போனார். போன வேகத்தில் மூக்கில் ஒன்று கொட்டியது.

வலியைவிட அவமானம்தான் பெரிது. முப்பது வருஷத்தில் ஒரு தேனீகூடத் தன்னைத் தொட்டதில்லை என்று மதுக்கடையில் அவர் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஸ்டானே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"வின்கோ, கோவிச்சுக்காதே. செவ்வாக்கிழமை கோயில்ல சாவு மணி அடிச்சுது. நீதான் போய்ச் சேர்ந்துட்டேன்னு நெனச்சு..."

"நெனச்சு?"

"தேனீங்ககிட்ட சொல்லிட்டேன்."

எங்கள் ஸ்லோவேனியாவில் வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் பெட்டியைத் தட்டித் தேனீக்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எஜமான் செத்ததைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடும்.

"புது எஜமான் யாருன்னு சொன்னே?"

"அவசரத்துக்கு என் பேரைச் சொல்லிவெச்சேன்."

"அதானே பார்த்தேன்!"

பன்னிரண்டு பெட்டியும் காலியாகிவிட்டால் வின்கோவுக்கு அப்புறம் என்ன இருக்கிறது? பெட்டியைத் தட்டி, "நான் சாகலடா கண்ணுங்களா" என்றார். காதில் கொட்டியது.

"செத்தவன் பேச்சை யாரு கேப்பா? நான் சொல்றேன், இரு" என்று ஸ்டானே வந்தார். அவருக்கு உதட்டில் கிடைத்தது.

"பேச்சை மாத்துறவனைக் கண்டா அதுங்களுக்கு ஆகாது" என்றார் வின்கோ. " பொய் சொல்லாத ஆளைக் கூட்டிட்டு வா!"

பங்குச் சாமியார் வந்து ஆஸ்பத்திரிச் சீட்டை உரக்க வாசித்தார். 'நலமாக வீடு திரும்பினார்' என்ற வரிக்கு வருவதற்குள் இரண்டு தேனீக்கள் அவர் அங்கிக்குள் புகுந்துவிட்டன. ஓடிக்கொண்டே அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"ஒரே வழிதான் இருக்கு. நீ சாகணும்" என்றார் வின்கோ.

"நானா?"

"இப்ப எஜமான் நீதானே? நீ போனாத்தானே நான் வர முடியும்!"

உதடு வீங்கிய ஸ்டானே புல்லில் படுத்துக் கையைக் கட்டிக்கொண்டார். "ஸ்டானே செத்துட்டான்!" என்று வின்கோ பெட்டியைத் தட்டினார். தட்டியதுதான் தாமதம், ஒரு பெட்டி மொத்தமும் இரைந்துகொண்டு வெளியே வந்து பேரி மரத்தில் தொங்கியது. செத்தவர் எழுந்து ஓட்டம் பிடித்தார்.

வின்கோ புல்லில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதார்.

சில்கா காலிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகத்துக்கு வலை இல்லை, கைக்கு உறை இல்லை. மரத்தடியில் நின்று ஏதோ முணுமுணுத்தாள். கிளையை ஓர் உலுக்கு உலுக்க, அத்தனையும் பெட்டிக்குள் விழுந்து அடங்கின. ஒன்று வந்து வின்கோவின் கையில் சாதுவாக உட்கார்ந்தது.

"நான் உயிரோட இருக்கேன்னு சொன்னியா?"

"அது அதுங்களுக்கே தெரியும். முப்பது வருஷமா தினம் காலையில வந்து, 'இன்னிக்கும் இந்த மனுஷனைக் கொஞ்சம் பொறுத்துக்குங்க'ன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். இந்த ஒரு வாரம் உங்ககூட ஆஸ்பத்திரியில இருந்ததால சொல்ல முடியல."