மாலை போட்ட சிமெண்டு மெஷின்

கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை முடிந்த கையோடு மலேசியாவின் ஜொகூரில் ஒரு வகை மனிதர் மழைக்காளான் போலப் பெருகிவிட்டார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஒப்படைப்பாளர். உங்கள் ஊரிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். மண்டபத்தில் மேடையோரமாக நின்று பேனரின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருப்பவரைப் பாருங்கள், அவர்தான்.

ஒப்படைப்பாளர் கெட்டவர் அல்லர். கடையைச் சாத்தியவர்களையும் வேலையில்லாமல் உட்கார்ந்த கட்டட வேலைக்காரர்களையும் நினைத்து உண்மையாகவே கண் கலங்குவார். நாலு பெரிய மனிதர்களின் வாசற்படி ஏறி, காக்க வைத்தால் காத்திருந்து, பேச்சு வாங்கினாலும் சிரித்துக்கொண்டு, கஷ்டப்பட்டவர்களுக்குத் தேவையானதைக் கேட்டு வாங்கிக்கொண்டும் வந்துவிடுவார். அதுவரை அவரைக் கும்பிடலாம். வாங்கி வந்த பொருள் தேவைப்பட்டவன் கைக்குப் போகவேண்டிய நேரத்தில்தான் சனியன் பிடிக்கும். சும்மா எடுத்துக் கொடுத்துவிட்டால் அது கொடுத்ததாகுமா? தலைமையுரை யார் ஆற்றுவது? குத்துவிளக்கின் முதல் திரி யாருக்கு? பொன்னாடை எத்தனை?

எங்கள் ஊரான யோங் பெங்கின் ஒப்படைப்பாளர் பெயர் திருச்செல்வம். சங்கச் செயலாளர். "வீழ்ந்தவர்களைத் தூக்கிவிடுவோம்" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. தூக்கும்போது கேமராவைப் பார்க்கச் சொல்வார்.

அவர் டத்தோ பட்டம் பெற்ற ஒரு பெரிய மனிதரிடம் கேட்டு வாங்கி வந்தது, சிமெண்டு கலக்கும் மெஷின். லெட்சுமணனுக்காகவே வாங்கியது. லெட்சுமணன் சின்னச் சின்ன வீட்டு வேலைகள் எடுத்துச் செய்பவர். முடக்கத்தின்போது தன் பழைய மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அரிசி வாங்கியவர். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வேலை, கெர்ட்ரூட் அக்காவின் சாப்பாட்டுக் கடையில் சமையற்கட்டுக்குத் தரை போடுவது. பூட்டிக் கிடந்த கடையில் தரை பிளந்துவிட்டது. மாதம் முடிவதற்குள் புதுத் தரை போட்டால்தான் கடை திறக்கலாம் என்று சுகாதார அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆக, அந்த ஒரு மெஷினை நம்பி இரண்டு குடும்பங்களின் அடுப்பு காத்திருந்தது.

மெஷின் முதல் தேதியே வந்துவிட்டது. மண்டபத்தின் நடுவில், துணி போர்த்தி.

"அண்ணே, நான் லாரி கொண்டு வந்து ஏத்திக்கட்டுமா?" என்று கேட்டார் லெட்சுமணன்.

"கொஞ்சம் பொறுங்க லா. டத்தோ டேட் கொடுக்கணும்ல."

ஐந்தாம் தேதி டத்தோவுக்குக் கோலாலம்பூரில் கல்யாணம். பன்னிரண்டாம் தேதி பேனர் வந்தது, ஆனால் அதில் டத்தோவின் முகத்தைவிடத் திருச்செல்வத்தின் முகம் ஒரு விரற்கடை பெரிதாக இருந்ததால் திரும்பிப் போனது. பதினெட்டாம் தேதி எல்லாம் கூடி வந்தது, அன்றைக்கு அஷ்டமி. ஊரே தொற்றில் தவித்தபோது பார்க்காத அஷ்டமியை, சிமெண்டு மெஷினுக்குப் பார்த்தார்கள்.

இருபத்து மூன்றாம் தேதி விழா நடந்தே விட்டது. மெஷினுக்குச் சந்தனப் பொட்டு, சாமந்தி மாலை, சிவப்பு ரிப்பன். லெட்சுமணனை வேலை உடுப்போடு வரச் சொல்லியிருந்தார்கள், படத்தில் தொழிலாளியாகத் தெரிய வேண்டுமாம். ஏழு பேர் பேசினார்கள். ஏழாவது ஆள் நான். படம் எடுக்கும்போது மட்டும் முகக்கவசத்தை இறக்கச் சொன்னார்கள், இறக்கினோம். கைதட்டல் ஓய்ந்ததும் லெட்சுமணன் வாசலில் நிறுத்தியிருந்த லாரியின் பின்கதவைத் திறந்தார்.

"எங்க கொண்டு போறீங்க?" என்றார் திருச்செல்வம்.

"வேலை இடத்துக்குண்ணே."

"அலமாக்!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை இதைத் தங்காக்ல கொடுக்கணும். அடுத்த வாரம் மெர்சிங்ல."

"மூணு ஊருக்கும் சேர்த்து ஒரு மெஷின்தானா?"

"மெஷின் ஒண்ணுதான். ஆனா மூணு ஊர்லயும் கொடுக்கிறோம்ல."

"அப்ப இது யாருக்குண்ணே?"

"எல்லாருக்கும்தான்."

லெட்சுமணன் லாரியின் பின்கதவைச் சாத்தினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தோளில் பொன்னாடை இருக்கும்போது வாய் அவ்வளவு சுலபமாகத் திறப்பதில்லை.

மறுநாள் முதல் பலகை விரித்து, மண்வெட்டியால் கையாலேயே கலந்தார்கள் லெட்சுமணனும் அவருடைய இரண்டு ஆட்களும். கெர்ட்ரூட் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். முப்பதாம் தேதி அதிகாரி வந்து தரையை மிதித்துப் பார்த்துத் தலையாட்டினார். கடை பிழைத்தது. லெட்சுமணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்து வந்த வீட்டு வேலை வேறு ஆளுக்குப் போனது.

கடை திறந்த அன்று திருச்செல்வம் வந்தார். வெறுங்கையோடு வருவாரா? மெஷின் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, சுவரில் எங்கே மாட்டினால் வெளிச்சம் படும் என்று பார்த்து, கல்லாவுக்கு மேலே தானே ஆணி அடித்தார். பிறகு கையலம்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல பசி என்றார்.

கெர்ட்ரூட் அக்கா தட்டில் இலை போட்டார். சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், அப்பளம். "அண்ணே, கொஞ்சம் இப்படிப் பாருங்க" என்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தார். திருச்செல்வம் பழக்க தோஷத்தில் சிரித்தார். அக்கா இலையை அப்படியே தட்டோடு தூக்கி, அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்த லெட்சுமணன் முன்னால் வைத்தார்.

"அக்கா, அது என் சாப்பாடு."

"உங்களுக்குத்தான் வச்சாச்சேண்ணே. படம்கூட இருக்கு."

கடையே சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, குடை எடுக்க மாடிப்படிக்கு அடியில் கையை விட்டேன். ஒரு தையல் மெஷின் தட்டுப்பட்டது. தையல் கடையை இழந்த பக்கத்துத் தெரு வாசுகிக்காக நான் வாங்கியது. தீபாவளி நிகழ்ச்சியில் நாலு பேர் முன்னிலையில் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். எந்தத் தீபாவளி என்று கேட்காதீர்கள். பெட்டியே பிரிக்கவில்லை, ரிப்பன் மட்டும் கட்டியாகிவிட்டது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் எதற்கும் உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள். பார்க்கும்போது பக்கத்தில் யாரையும் படம் எடுக்கச் சொல்ல வேண்டாம்.