நாற்பத்து மூன்று வாசகர்கள்

வலைப்பூவின் உச்சியில் தன் படத்தை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதில்தான் லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அவர் மனைவிக்கும் காலையிலேயே முட்டிக்கொண்டது.

"முதல்ல அதை எதுக்குங்க மாத்தணும்? நல்லாத்தானே இருக்கு."

நன்றாகத்தான் இருந்தது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, முடிந்தது கதை. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் சண்டையை மறந்து சமாதானமான தம்பதி, ஏழாம் மாடிக்கு மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்த லிஃப்ட் என்று, தொழிலில் பார்த்ததையெல்லாம் பதினொரு வருஷமாக மனுஷன் அதில் எழுதித் தள்ளியிருந்தார். பழுது பார்க்கிற ஒவ்வொரு லிஃப்டிலும் தன் போன் நம்பருக்குக் கீழே வலைப்பூ முகவரியையும் ஒட்டிவிட்டுத்தான் வெளியே வருவார்.

பலன் இல்லாமல் இல்லை. பக்கத்தின் அடியில், வருகிறவர்களை எண்ணும் பெட்டி ஒன்று இருந்தது. அவருடைய வருகையைக் கழித்துவிட்டே தினமும் நாற்பத்து மூன்று பேர்! ஆளுக்கு நாலு விநாடிதான் இருக்கிறார்கள் என்று மனைவியின் தம்பி ஒருமுறை சுட்டிக்காட்டியபோது, வேகமாகப் படிக்கிறவர்கள் என்று பெருமையாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் வருவதில்லையே என்றதற்கு, வாசகர்களுக்கும் குடும்பம் இருக்காதா என்று கேட்டு வாயை அடைத்தார்.

"என்னை நம்பி நாற்பத்து மூணு பேர் வர்றாங்க," என்றார் மனைவியிடம். "அவங்களை வெறும் வெள்ளைச் சுவத்துக்கு முன்னால நிறுத்தி வைக்கிறது மரியாதையா?"

வேலையை ஏற்றுக்கொண்டவன் அந்தத் தம்பிதான். விளம்பரப் பேனர் அடிக்கிறவன். ஒரு முகத்தைப் பேருந்து அகலத்துக்கு இழுப்பது எப்படி என்பது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதே அளவில் மாமாவின் முகத்தையும் இழுத்து உச்சியில் உட்கார வைத்தான். பக்கம் திறக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நல்ல விஷயத்துக்குக் காத்திருக்கலாம், தப்பில்லை என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

மறுநாள் பெட்டி பத்தொன்பது என்றது.

"முகம் ரொம்ப இறுக்கமா இருக்கு மாமா, பயந்துட்டாங்க," என்று நோய் கண்டுபிடித்த மைத்துனன், சிரிக்கிற படம் ஒன்றை அதைவிடப் பெரிதாகப் போட்டான். கூடவே 'வருக வருக' என்று மின்னி மின்னி ஓடும் எழுத்து. அன்றைக்கு ஆறு பேர். விடுவானா? லிஃப்ட் ஏறி இறங்கும் வீடியோவையும் பின்னணி இசையையும் சேர்த்தான். அத்தோடு சரி. பெட்டி சுத்தமாகப் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

மெக்கானிக் இடிந்துபோனார். பதினொரு வருஷ உழைப்பை ஒரே வாரத்தில் காவு கொடுத்துவிட்டோமே என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இனிமேல் எழுதுவதாக இல்லை என்றார். ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு எதற்கு எழுத்து என்றார். அந்த வலைப்பூவை ஒருநாளும் திறந்து பார்க்காத மனைவிக்கே மனசு தாங்கவில்லை.

"பழையபடியே போட்டுடுங்க," என்றாள். "உங்க மூஞ்சியைப் பார்க்கவா வந்தாங்க? எழுத்துக்காகத்தானே வந்தாங்க."

கல்யாணமான நாள் முதல் அவள் அவர் எழுத்தைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. மைத்துனன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து.

திங்கட்கிழமை நாற்பத்து மூன்று. ஒருத்தர் கூடக் குறையவில்லை.

அன்று முழுவதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அலங்காரத்துக்கு மயங்காத வாசகர்கள் தனக்கு வாய்த்திருப்பதாகக் கண்ணில் பட்டவரிடமெல்லாம் சொன்னார். மூன்று மாடிக் கட்டடத்தின் காவலாளியிடம் இரண்டு தடவை சொன்னார்.

செவ்வாய்க்கிழமை வீட்டில் இன்டர்நெட் போய்விட்டது. லைன்மேன் வந்தார். வாசலில் இருந்த கம்பத்தில் ஏறி எதையோ முறுக்கிவிட்டு இறங்கி, உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். யாரையும் எதுவும் கேட்காமல், விசைப்பலகையைக்கூடப் பார்க்காமல், ஒரு முகவரியைத் தட்டினார்.

வெள்ளைப் பின்னணி. கறுப்பு எழுத்து.

மெக்கானிக்குக்கு நெஞ்சு விம்மியது. ரத்தமும் சதையுமாகத் தன் வாசகர், தன் வீட்டு நாற்காலியிலேயே! சமையலறையிலிருந்த மனைவியைக் கையசைத்து வரவழைத்தார். எழுதுகிறவன் யார் என்பதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதைத் தினமும் பார்ப்பீங்களோ?"

"எங்க ஆபீஸ்ல எல்லாருமே பார்ப்போம் சார். லிஃப்ட்ல ஒட்டியிருக்கு, பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆயிடுச்சு."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணிலும் கொஞ்சம் பெருமை தெரிந்தது. அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அப்படி என்ன இருக்கு இதுல?"

"ஒண்ணுமே இல்ல சார், அதனாலதான் டக்குனு திறக்கும், லைன் வருதா இல்லையான்னு உடனே தெரிஞ்சிடும்," என்றபடி லைன்மேன் பையை மூடிக்கொண்டு எழுந்தார். "போன வாரம் எவனோ ஒருத்தன் நெத்தியை இதுல போட்டு அடைச்சு வெச்சுட்டாங்க, நாங்க நாற்பத்து மூணு பேரும் நல்லா இருக்கிற லைனுக்கெல்லாம் கம்பம் ஏறி இறங்கினோம்."