சோளத்தின் விசாவும் என் வாயும்

லம்பாங்கில் இருக்கும் என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா புவாகாம் அவர்களுக்கு, சியாங் மாயிலிருந்து தம்பி இன்தா நெற்றி தரையில் பட வணங்கி எழுதுவது.

நீங்களும் மாமாவும் மாமாவின் முழங்காலும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நான், என் மனைவி சீநுவன், மகள் ஃபாய் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். என் முகம் மட்டும் வெளியே காட்டும்படி இல்லை. அக்கா, ஃபாய் கல்யாணத்துக்கு நீங்கள் பேசிவைத்த வேன்களைத் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். நீங்கள் "ஹலோ" என்றதுமே போனை வைத்துவிட்டேன். எவனோ போன் செய்து செய்து வைக்கிறான் என்று திட்டினீர்களாமே, அந்த எவனோ நான்தான்.

ஃபாய் கட்டிக்கொள்ளப்போகும் போலந்துப் பையன் யாகுபை உங்களுக்குத் தெரியும். முடி நிறத்தைப் பார்த்து 'சோளம்' என்று நாம் பெயர் வைத்தோமே, அவன்தான். அவன் இங்கே தங்கியிருப்பது நம் பாஷையைப் படிக்க வந்த மாணவன் என்கிற விசாவில். வருஷக்கணக்கில் இருக்கலாம். ஆனால் அவ்வப்போது குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் முத்திரை வாங்கவேண்டும், ஒழுங்காக வகுப்புக்குப் போகவேண்டும், வேலை மட்டும் எதுவும் செய்யவே கூடாது. என் காவ் சோய்க் குழம்பு நூடுல்ஸ் கடையில் கரண்டி பிடித்தாலும் அது வேலைதான். எனக்கு இதெல்லாம் தெரியும் அக்கா. ஆனால் என் தோள்பட்டை பிடித்துக்கொண்ட அன்று அவனாகவே வந்து உரலில் மிளகாயும் மஞ்சளும் போட்டு இடித்தான். மறுநாளும் இடித்தான். பிறகு என் தோள் சரியாகிவிட்டது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்புகிறவனை, "இந்த ஒரு மேசைக்கு மட்டும் ஊத்திக் குடுத்துட்டுப் போடா கண்ணு" என்று நானே நிறுத்துவேன். அந்த ஒரு மேசை எழுந்தால் இன்னொரு மேசை உட்காரும். வகுப்பில் அவன் நாற்காலியில் பூனை படுத்துக்கொள்வதாக டீச்சர் ஃபாயிடம் சொல்லி அனுப்பினார்.

போன வாரம் முத்திரைக்குப் போகவேண்டிய நாள். இந்தத் தடவை அதிகாரி நம் பாஷையிலேயே கேள்வி கேட்பார் என்று டீச்சர் எச்சரித்திருந்தார். அதனால் குழம்பு கொதிக்கக் கொதிக்க நானே ஒத்திகை நடத்தினேன். எங்கே படிக்கிறாய், என்ன எழுத்து கற்றாய், ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறாய். எல்லாவற்றுக்கும் பையன் தங்கமாகப் பதில் சொன்னான். ஓய்வு நேரத்தில் கோயிலுக்குப் போகிறேன் என்றுகூடச் சொல்ல வைத்தேன். துணைக்கு நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வேண்டாம்ப்பா" என்றாள் ஃபாய். கேட்டேனா?

அந்த அதிகாரியம்மா ரொம்ப நல்ல மாதிரி. நாம் யாராக இருந்தாலும் முதலில் என்ன கேட்போம்? அதையே கேட்டார். "சாப்ட்டாச்சா?" எல்லாக் கேள்விக்கும் ஒத்திகை பார்த்த நான் இதற்குப் பார்க்கவில்லை.

"ஆச்சு மேடம். காவ் சோய். அப்பா கடையில."

"எந்தக் கடை? பாலத்துக்கிட்ட இருக்கே, அதுவா? நல்ல கடையாச்சே! போன மாசம் எங்க ஆபீசுக்குப் பார்சல் வாங்கினோம். குழம்பு என்ன ருசி!"

"அப்பா கை, மேடம்" என்று சோளம் அடக்கமாகத் தலை குனிந்தான். அத்தோடு கேள்வியெல்லாம் முடிந்தது அக்கா. அந்தம்மா முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தவர் சிரித்துக்கொண்டே, "பாக்கெட் மசாலா தானே பெரியப்பா? இந்தக் காலத்துல யாரு இடிக்கறாங்க?" என்றார்.

பாக்கெட்டா! நம் அம்மா கொடுத்த உரலை வைத்துக்கொண்டு பாக்கெட் என்று கேட்டுவிட்டு நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்?

"என்ன மேடம் இப்படிச் சொல்லிட்டீங்க! தினம் விடியறதுக்கு முன்னால இந்தப் பையன் எழுந்து இடிக்கறான், உள்ளங்கையைப் பாருங்க!" என்று அவன் கையைப் பிடித்து இழுத்து மேசைமேல் விரித்தே காட்டிவிட்டேன். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, நகமெல்லாம் மஞ்சள்.

அந்தம்மா கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முத்திரையை இழுப்பறைக்குள் வைத்தார். "அப்படியா பெரியப்பா?" என்றார், மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அடுத்த வாரம் டீச்சரைக் கூட்டிக்கொண்டு வரச்சொன்னார்; அப்போதும் திருப்தி இல்லையென்றால் பையன் ஊரைப் பார்த்துப் போகவேண்டியதுதான் என்றார். சோளம் பாவம், எழுந்து கைகூப்பி, "அப்பா மேல தப்பில்ல மேடம்" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் அக்கா என் காது இன்னும் எரிகிறது.

வரும் வழியில் ஃபாய், "உங்க வாய்க்குத்தாம்ப்பா முதல்ல ஒரு விசா வாங்கி வெளிநாடு அனுப்பணும்" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. சீநுவன் பேசாமல் இருந்தால் பரவாயில்லை, அவள்தான் நிறுத்தவே இல்லை. "பாக்கெட்டுன்னுதான் சொல்லிட்டுப் போகட்டுமே! பாக்கெட்டுன்னா உங்க மீசை உதிர்ந்துடுமா? உங்களுக்கு மாப்பிள்ளை பெருசா, மசாலா பெருசா?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லையே என்பதுதான் பெரிய வெட்கமாக இருக்கிறது.

இப்போது அவன் ஒழுங்காக வகுப்புக்குப் போகிறான். அடுப்பில் நான். கல்யாணம் நடக்குமா என்று தெரியாமல் உங்களை அலைக்கழிக்க எனக்கு மனசில்லை. வேன்களை நிறுத்திவிடுங்கள். தெருவில் யாராவது கேட்டால் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள். வாயில் வியாதி என்று சொன்னால் பொய்யும் ஆகாது.

புத்தரும் தர்மமும் சங்கமும் உங்கள் கூரைக்கு நிழலாக இருக்கட்டும். அந்த நிழலின் ஓரத்தில் இந்தத் தம்பிக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

தலைநிமிராத தம்பி,
இன்தா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வெட்கப்பட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நேற்று அந்த அதிகாரியம்மா சாதாரண உடையில் கடைக்கே வந்துவிட்டார். "பையன் எங்க?" என்றார். வகுப்பில் என்றேன். நம்பாத முகத்தோடு ஒரு காவ் சோய் கேட்டார். உரலில் நானே இடித்து நானே வைத்த குழம்பு. இரண்டு வாய் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். "பெரியப்பா, இதுல அந்தப் பையன் கை படவே இல்லைன்னு நான் முழுசா நம்பறேன்" என்றார். இன்று டீச்சரோடு போனான், முத்திரை கிடைத்துவிட்டது. அதனால் வேன்களை நிறுத்தவேண்டாம், எல்லோரும் வாருங்கள். கல்யாண விருந்துக்கு அந்தம்மாவையும் அழைத்திருப்பதால் மாப்பிள்ளை அடுப்புப் பக்கமே வரமுடியாது, சமையல் நான்தான். வீட்டிலேயே நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.