தூசி படாத ஜீப்

‘கடக்’கென்று ஒரு சத்தம். அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளம் முழுக்க அது எதிரொலித்தது.

புது ஜீப்பின் தலைமேல் பூட்டியிருந்த கூடாரப் பெட்டி, வெளியே போகும் வழியின் கான்கிரீட் உத்தரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ஓட்டிவந்த இன்ஜினியர் எஞ்சினை அணைத்தார். சாவு வீட்டுக்குள் நுழைகிறவர்போல ஓசைப்படாமல் இறங்கி, அண்ணாந்து பார்த்தார்.

முன்சீட்டில் அவருடைய மாமனார் விடிகாலையிலிருந்தே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, மலை வந்திடுச்சா?"

"இல்ல மாமா. இன்னும் பார்க்கிங்லதான் இருக்கோம்."

"அப்படியா" என்று மாமனார் மறுபடியும் நேராகப் பார்க்க ஆரம்பித்தார்.

ஜீப் வாங்கி வந்த அன்று அதே உத்தரத்துக்கு அடியில் தாராளமாகத்தான் உள்ளே போனது. பெட்டியைப் பிறகு, கீழே வைத்து, இன்ஜினியர் தன் கையாலேயே பூட்டினார். கட்டடங்களுக்குள் எந்தக் குழாய் எந்த உயரத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அவர் உத்தியோகம். அலுவலகத்தில் அவர் அளந்து சொல்லாமல் ஓர் ஆணி இறங்காது. வீட்டில் அளந்து அவருக்குப் பழக்கமில்லை.

பிழைக்க வந்த தேசத்தில் இத்தனை வருஷமும் ரயிலில் வேலைக்குப் போய் ரயிலில் திரும்பியவர் அவர். அவரை ஜீப் வாங்க வைத்தது சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். அதே தேசத்தில், மலைக்கு அந்தப் பக்கத்து நகரத்தில் வேலை. அடிக்கடி போட்டோ அனுப்புவார். மணல்மேட்டின் உச்சியில் ஒரு ஜீப். அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு சகலை. ஜீப்பில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. பின்னால் மணலில் சக்கரம் போன தடமும் இருக்காது.

"தடமே விழாம ஏத்தியிருக்காரு பாருங்க! அதெல்லாம் ஒரு கைப்பழக்கம்" என்பார் மாமனார்.

ஊரிலிருந்து மகள்களைப் பார்க்க வந்திருந்த மாமனார், சின்ன மகள் வீட்டில் இருந்துவிட்டுப் பெரிய மகள் வீட்டுக்கு வந்த அன்றே ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"சின்ன மாப்பிள்ளை மலை ஏறுறாரு. நீங்க லிஃப்ட் ஏறுறீங்க. ஏதோ, ஏறுனா சரி."

அந்த வார்த்தைதான் ஜீப்பாக மாறி வந்து அடித்தளத்தில் நின்றது. இன்றைக்கு இந்தப் பக்கமிருந்து இவர் ஏற வேண்டும். அந்தப் பக்கமிருந்து சகலை ஏறுவார். உச்சியில் இரண்டு குடும்பமும் கூடாரம் போட வேண்டும். அடுத்த வாரம் மாமனார் ஊர் திரும்பி, மாப்பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்கிறாரோ, அதுதான் ஆயுளுக்கும் நிலைக்கும். திருத்தம் கிடையாது.

"என்னங்க, பெட்டிய கழட்டிடலாமே?" என்றாள் மனைவி பின்சீட்டிலிருந்து.

"கூடாரம் இல்லாம மலைக்குப் போனா, உங்க தங்கச்சி வீட்டுக்காரர் கூடாரத்துல ஒண்டிக்கணும். அதுக்கு நான் இங்கயே படுத்துக்குவேன்."

அவருக்கு வேறொரு யோசனை வந்தது. டயரில் காற்றைக் குறைத்தால் வண்டி தாழும். மணலில் ஏறும்போது சகலையே அப்படித்தான் செய்வாராம். நான்கு சக்கரத்திலும் பிடுங்கிவிட்டார். ஜீப் பெருமூச்சு விட்டுக்கொண்டு குனிந்தது. மெல்ல நகர்த்தினார். பெட்டி பாதி தூரம் உத்தரத்துக்கு அடியில் போனது. அங்கே பெட்டியின் பூட்டுக் கொண்டி மாட்டிக்கொண்டது. இப்போது முன்னாலும் போகாது, பின்னாலும் வராது.

"காத்தடிக்கிற பம்ப்பு இருக்கில்ல?" என்றார் மாமனார்.

"இருக்கு மாமா. அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு."

மாமனார் தலையசைத்தார். குறித்துக்கொண்டார் என்று தெரிந்தது.

அப்போது ஜீப்புக்குள் ஸ்பீக்கர் அலறியது. சகலையின் போன்.

"சகலை, எங்க இருக்கீங்க? நான் உச்சிக்கு வந்தாச்சு! என்னா காத்து!"

"வந்துகிட்டே இருக்கோம்."

"ஏத்தம் எப்படி?"

"கொஞ்சம் தலை தட்டுது" என்றார் இன்ஜினியர். அவர் பொய் சொல்லிப் பழகாதவர்.

வாட்ச்மேன் வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். "ஆளுங்கள ஏத்துங்க சார். பாரம் ஏறுனா இன்னும் அமுங்கும்."

ஆட்களுக்குப் பஞ்சமில்லை. வழி அடைபட்டதால் பின்னால் கார்கள் வரிசைகட்டி நின்றன. மூன்றாம் மாடி பேங்க்காரர், தன் உடம்பு ஒருவருக்குப் பயன்படுகிறது என்ற கண்ணியத்தோடு ஏறினார். பல் டாக்டரம்மா ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"அங்க கிளினிக்ல ஒருத்தர் வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருக்காரு. சீக்கிரம் எடுங்க" என்று அவரும் ஏறினார். வாட்ச்மேன் பின்னால் தொற்றிக்கொண்டார்.

ஜீப் அமுங்கியது. உத்தரம் விட்டுக்கொடுத்தது. ஒரு முனகலோடு சரிவில் ஊர்ந்து, தெருவெளிச்சம் முகத்தில் படும் இடம்வரை வந்துவிட்டது. வாசல் ஷட்டருக்கு அடியில் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"சபாஷ் மாப்பிள்ளை!" என்றார் மாமனார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் சபாஷ்.

எல்லோருக்கும் சந்தோஷம். கைதட்டலாம் என்று மளமளவென்று இறங்கினார்கள்.

பாரம் இறங்கியதும் ஜீப் நிமிர்ந்தது. பெட்டி மேலே எழும்பி ஷட்டரின் சட்டத்துக்குள் சிக்கென்று பொருந்திக்கொண்டது. கைதட்டல் பாதியில் நின்றது.

"இன்னொரு தடவை ஏறுங்களேன்" என்றார் இன்ஜினியர்.

ஏறினார்கள். காற்றில்லாத டயர்களில் இரண்டு விளிம்பைவிட்டுக் கழன்று, செருப்பை உதறிவிட்டுத் திண்டாடுகிற கால்போல ஒதுங்கின. பேங்க்காரர் இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். டாக்டரம்மா, "பல் விஷயமா என்கிட்ட வந்துடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்சி பிடித்தார். கட்டடமே உள்ளே அடைபட்டுக் கிடந்தது.

மனைவி ஒதுங்கிப் போய்த் தங்கைக்கு போன் செய்தாள். கொஞ்ச நேரம் கிசுகிசுத்துவிட்டு வந்தாள்.

"என்னங்க, தங்கச்சி ஒரு ரெக்கவரி லாரிக்காரர் நம்பர் குடுத்திருக்கா. மாட்டிக்கிட்ட வண்டிய முதுகுல ஏத்திட்டுப் போறவராம். நம்ம பாஷை பேசுறவராம். ரொம்ப நம்பிக்கையான மனுஷன், வெளிய மூச்சு விடமாட்டாராம்."

"அவளுக்கு எப்படி லாரிக்காரரைத் தெரியும்?"

"அவங்கதான் ஊரெல்லாம் சுத்துறாங்களே. நம்மள மாதிரியா?"

லாரிக்காரருக்கு போன் செய்தாள். தங்கையின் பெயரைச் சொல்லி, அவளுடைய அக்கா பேசுகிறேன் என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டதாம். ஒரு வண்டியை இறக்கிவிட்டு அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருப்பதாகவும், நேராக வந்துவிடுவதாகவும் சொன்னார்.

காத்திருந்தார்கள். மாமனாரை இறங்கச் சொன்னால் இறங்கவில்லை.

"ஏறுனது மலைக்கு. மலையிலதான் இறங்குவேன்."

நடுவில் சகலை ஒரு போட்டோ அனுப்பினார். உச்சிப் பாறை, ஜீப், கை, கறுப்புக் கண்ணாடி. மாமனார் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "தூசி பாருங்க. ஒண்ணுகூட இல்ல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். இன்ஜினியர் அந்தப் படத்தை, ரேங்க் அட்டையைப் பார்க்கிற கடைசி பெஞ்ச்காரன்போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரி வந்தது. லாரிக்காரர் யாரிடமும் பேசவில்லை. சங்கிலியை மாட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். ஷட்டர் கதறியது. ஜீப் வெளியே வந்தது. பெட்டி மட்டும் கூடாரத்தோடும் பம்ப்போடும் வாசலிலேயே தொங்கியது. ஜீப், பெல்ட் போட்ட மாமனாரோடு அப்படியே சாய்ந்து லாரியின் முதுகில் ஏறி நின்றது. தெருவையே பார்வையிடுகிற உயரத்தில், ஜன்னலை இறக்கிவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

இன்ஜினியருக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இனி ஊரில் பேசப்போவதை அவர் காதாலேயே கேட்டுவிட்டார். லாரிக்காரர் அருகில் போய்த் தணிந்த குரலில், "அந்த முக்குல ஒரு டயர் பட்டறை இருக்கு. அங்க இறக்கிடுங்க" என்றார்.

லாரிக்காரர் வந்ததிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தார். குரல் கொஞ்சம் பெரிய குரல்.

"பட்டறையிலயா? உங்க சகலை வண்டிய இப்பத்தான் சார் மலை உச்சியில இறக்கி வெச்சுட்டு வர்றேன். உங்களதையும் அதுக்குப் பக்கத்துலதானே இறக்கணும்னு நினைச்சேன்?"