எட்டு கிலோ இரும்பும் என் மச்சான் எடையும்

வாயைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கக் கூச்சப்பட்டு, எட்டு கிலோ இரும்பை இடுப்பில் கட்டிக்கொண்டு தங்கச் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனிலிருந்து கோலார் வரை பஸ்ஸில் போனவன் நான்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. எட்டு மாதமாக வேலை இல்லை. கோலாரில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் எடுக்கிறார்கள் என்று சொன்னவன் என் மனைவி சாந்தியின் தம்பி சேகர். அவனும் அங்கேதான் வாட்ச்மேன்.

"மாமா, டாக்டரு வெயிட் பாப்பாங்க. அறுபத்தஞ்சாவது இருக்கணும்னு எங்கிட்ட சொன்னாங்க. நீங்க இன்னா, காத்தடிச்சா மாரிகுப்பத்துல போய் வுழுவீங்க!"

மெடிக்கல் ஷாப் மிஷினில் ஏறினேன். ஐம்பத்துநாலு. இன்னும் பதினொன்று வேண்டும். இந்த வேலையும் போனால் சாந்தி முகத்தில் எப்படி விழிப்பது?

எங்கள் வீட்டுக் கதவு காற்றுக்கு நிற்காது. அப்பா சுரங்க ஷாஃப்டில் வேலை செய்த நாளில் வீட்டுக்கு வந்த டிரில் துண்டுகள் ஆறு, கோணியில் கட்டி அதற்கு முட்டாக வைத்திருந்தோம். அது எட்டு கிலோ. மீதி மூன்றுக்கு வாழைப்பழமும் தண்ணீரும். (நான் படித்த அஞ்சாம் வகுப்புக் கணக்கு வாழ்க்கையில் உதவியது அன்று ஒரு நாள்தான்.) சாந்தி எழுவதற்குள் துண்டுகளைப் பழைய புடவைக் கிழிசலில் சுற்றி, இடுப்பில் கட்டி, மேலே தொளதொள சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்தால் விலாவில் குத்தியது. நின்றால் முடிச்சு நழுவியது. நான் எழுந்து எழுந்து உட்கார்வதைப் பார்த்து, கண்டக்டர் "கூத்கொள்ரீ!" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லிக் கத்தினார். உட்கார்ந்தேன். அடுத்த பள்ளத்தில் தானாகவே எழுந்துவிட்டேன்.

டாக்டர் ஓர் இளம்பெண். பக்கத்தில் கம்பெனி மேனேஜர். எனக்கு முன்னால் துப்புரவு வேலைக்கு வந்த ஓர் அம்மா. "வெயிட் பரவாயில்லம்மா. ஆனா இடுப்பளவு ஜாஸ்தி. பொம்பளைங்களுக்கு ஒரு அளவு, ஆம்பளைங்களுக்கு ஒரு அளவு இருக்கு" என்று சொல்லி டாக்டர் டேப்பைச் சுருட்டினார்.

இடுப்பையும் அளப்பார்களா? சேகர் இதைச் சொல்லவே இல்லையே! குடித்த தண்ணீர் வெளியே வர வழி கேட்டது.

மிஷினில் ஏறினேன். அறுபத்தைந்து! பெருமையாக நிமிர்ந்தேன்.

டாக்டர் என் உயரத்தை அளந்து, சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தார். "உங்க உயரத்துக்கு இது அதிகம். ஆனா கன்னம் ஒட்டியிருக்கு, தொப்பை இல்ல. இவ்ளோ வெயிட் எங்க இருக்கு?"

டேப் இடுப்பைச் சுற்றியது. டங்! முடிச்சு அவிழ்ந்து, ஒரு துண்டு பேன்ட் வழியாக இறங்கி டாக்டரின் காலடியில் உருண்டது.

மேனேஜர் குதித்து எழுந்தார். "வாட்ச்மேன் வேலைக்கு வந்தவன் இடுப்புல இரும்பா? எங்கய்யா திருடின?"

"கதவு... கதவு..." என்றேன். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மேனேஜரே பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார். சாந்தியின் குரல்.

"யோவ்! கதவு முட்டை எங்கய்யா எடுத்துக்குனு போன? காலைலருந்து..."

டமால்!

"...கேட்டியா? இதே ரோதனை!"

டாக்டர் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரும்பில்லாமல் மறுபடி ஏற்றினார்கள். பழம், தண்ணீரோடு ஐம்பத்தேழு.

"உங்களுக்கு இதுவே கொஞ்சம் கூடத்தான். யாரு அறுபத்தஞ்சு சொன்னது?"

"மச்சான்."

"அவரு எவ்ளோ உயரம்?"

கையைத் தலைக்கு மேல் ஓரடி தூக்கிக் காட்டினேன்.

"அவரு பேன்ட் உங்களுக்குச் சரியா இருக்குமா?"

"இருக்காதுங்க."

"அப்புறம் அவரு வெயிட் மட்டும் எதுக்கு?"

வேலை கிடைத்தது. இன்றும் அதே கேட்டில்தான் நிற்கிறேன். வெளியே போகிறவர்கள் யாராவது இரும்பை இடுப்பில் ஒளித்திருக்கிறார்களா என்று தடவிப் பார்ப்பதுதான் என் முக்கிய வேலை. அந்த இடம் எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று மேனேஜரே என்னை அங்கே போட்டார்.

ஆஸ்பத்திரியிலோ திருவிழாவிலோ எடை மிஷினைக் கண்டால் போதும், சாந்தி என் சட்டையைப் பிடித்து நிறுத்துவாள்.

"இருய்யா, ஏறாத. வூட்ல கதவு நிக்குதான்னு பக்கத்து வூட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கறேன்."